ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போன வள்ளம்

ஃபேர்லேண்ட்ஸ், சேலம் – 16
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஜூட் சாமிக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அந்தப் பனியில் நீயும் நான்சியும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு நாளும் செபமாலையில் உங்களைச் சேர்த்துக்கொள்கிறேன். போன மாதம் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய், “அப்பா இனிமே பேசவே மாட்டாராம்மா?” என்று. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதனால் நான் என்ன குழம்பு வைத்தேன் என்று பேச்சை மாற்றிவிட்டேன். போனில் எதைப் பேசினாலும் அவர் காதில் விழுகிறது, அதனால்தான் கடிதம். பக்கவாதத்தில் விழுந்த அவர் கையும் காலும் சரியாகிவிட்டன, வேட்டியைத் தானே கட்டிக்கொள்கிறார், மாதா கோயில்வரை நடந்து போய் வருகிறார். பேச்சுதான் வரவில்லை. டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னார், வார்த்தை உள்ளே பத்திரமாக இருக்கிறது, வரும் பாதைதான் அடைபட்டிருக்கிறது என்று. ஐந்து ரோட்டில் மேம்பாலம் கட்டும்போது பஸ் ஊரைச் சுற்றி வந்ததே, அதுபோல என்று வைத்துக்கொள். பஸ் வரும், நேரமாகும். ஆனால் அவர் முயற்சியை விட்டுவிட்டால் இருக்கிற பேச்சும் போய்விடும் என்றும் சொன்னார். அதுதான் எனக்குப் பயம், ஏனென்றால் அவர் விட்டேவிட்டார். பயிற்சிக்கு வரும் பெண் பூனைப் படம், குடைப் படம் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இத்தனை வருஷம் நாமக்கல் பட்டறையில் லாரிக்குப் பாடி கட்டி, முப்பது ஆளை வேலை வாங்கிய மனுஷனிடம் பூனைப் படத்தைக் காட்டினால் அவர்தான் என்ன செய்வார்.

நீ வேண்டாம் என்று சொன்ன பிரயாணத்தைப் போய்விட்டு வந்தோம், கோபப்படாதே. உப்பளத்தானை உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் உனக்கு அப்பா வாசித்துக் காட்டிய கடல் கதைகளை எழுதியவர். அம்மாபேட்டையில் படித்த காலத்தில் அப்பா பள்ளிக்கூட அலமாரியில் இருந்த அவர் புத்தகங்களை எல்லாம் படித்துத் தீர்த்தவர். கடலைப் பார்ப்பதற்கு முன்பே கடலில் எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் பாய் விரிப்பது என்று அவருக்குத் தெரியும். அந்த எழுத்தாளர் பிறந்த சங்குமுனையைப் பார்க்கவேண்டும் என்று கல்யாணம் ஆன புதிதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார், லீவு கிடைத்தபோதெல்லாம் ஏதாவது ஒரு லாரி அவசரமாக வந்து நின்றுவிடும். இனி லாரி ஏது. பட்டறையில் அவரிடம் வேலை பார்த்த தனபால் இப்போது சொந்தமாகக் கார் ஓட்டுகிறான், “ஐயாவ நான் பூப்போலக் கூட்டிட்டுப் போயி கூட்டியாறேனுங்க டீச்சர்” என்றான், சனிக்கிழமை கிளம்பினோம். தூத்துக்குடியில் தங்கி, மறுநாள் சங்குமுனைக் கோயிலில் பூசை பார்த்துவிட்டு, அப்படியே கரைக்குப் போய் வள்ளங்கள் மீனோடு வந்து சேர்வதை அப்பாவுக்குக் காட்டலாம் என்பது என் திட்டம்.

எழுத்தாளர் பிறந்த வீட்டை இடித்து ஐஸ் கம்பெனி கட்டியிருக்கிறார்கள். அவர் படித்த பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது, சுவரில் கூட அவர் பேர் இல்லை. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தோம். அப்பா எல்லாவற்றையும் பார்த்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பூசை முடிந்து கரைக்குப் போனால் கடலில் ஒரு வள்ளம் இல்லை, எல்லாம் மணலில் வரிசையாகக் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் தொழிலுக்குப் போவதில்லையாம், ஊர்க் கட்டுப்பாடு. ஞாயிறு ஓய்வு நாள் என்று பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த எனக்கு இது தோன்றவில்லை பார். தனபால் சிரித்துவிட்டான், “கடலுக்கும் லீவுங்களா டீச்சர்?” என்றான்.

ஒரு வள்ளத்தின் நிழலில் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தார், கஸ்பார் என்று பேர், நம் அப்பா வயதுதான் இருக்கும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டவர், சேலம் என்றதும் அப்பாவை வள்ளத்தின் விளிம்பில் உட்காரவைத்தார். நான் வந்த காரணத்தைச் சொல்லி, அப்பாவுக்குப் பிடித்த கதையையும் சொன்னேன். சூசை என்கிற பையன், ஊரே பூசையில் இருக்கும்போது வள்ளத்தோடு கடலுக்குள் போய்விடுகிற கதை. அவ்வளவுதான், அந்த மனுஷர் கையைத் தட்டிச் சிரித்தார். “ஞாயித்துக்கெழம எவன் கடலுக்குப் போவான்? எழுதுனவன் எங்க ஊர்க்காரனே கெடையாது அண்ணாச்சி, சுத்தப் பொய்யி” என்று அப்பாவின் தொடையில் தட்டினார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “போ… போவல” என்றார். எட்டு மாதத்தில் நான் கேட்காத குரல், சாமி. அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியுமாதலால், “அதாவது அந்தப் பையன்…” என்று தொடங்கினேன். கஸ்பார் என்னைப் பார்த்து, “டீச்சர், நீங்க செத்த சும்மா இரிங்க. சண்ட எனக்கும் அண்ணாச்சிக்கும்” என்றார். பிறகு ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார். அப்பாவுக்கு நெற்றி வேர்த்தது, உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. “பையன் வள்ளத்துல… தூங்கிட்டான். கயிறு… கயிறு… அவுந்துபோச்சு. அலைதான் இழுத்துட்டுப் போச்சு. அவன் மேல… தப்பில்ல.” இதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த பீடி தீர்ந்துவிட்டது, அதுவரை கஸ்பார் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு, “கயித்த ஒழுங்காக் கட்டாத அவன் அப்பன்தான் குத்தவாளி. ஆனாலும் வள்ளத்துல போயி எதுக்குத் தூங்குனான், வீட்டுல பாயி இல்லியா?” என்று விடாமல் வம்புக்கு இழுத்தார். அப்பா சிரித்துவிட்டார். இரண்டு பேரும் வெயில் ஏறும்வரை சண்டை போட்டார்கள். தனபால் தூரப் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மணலு உழுந்துருச்சுங்க” என்றான்.

வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து வாசிக்கும்போது திக்கினால், பக்கத்துப் பிள்ளை மெதுவாக அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுக்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் வாசிக்கிற பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும், கடைசிவரை வாசிக்கக் கற்றுக்கொள்ளாது. வீட்டில் நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். நீ போனில் “மாத்திரை போட்டீங்களாப்பா, சரிப்பா, ரெஸ்ட் எடுங்கப்பா” என்று நீயே கேட்டு நீயே பதிலும் சொல்லிவிடுகிறாய், அவர் போனை என்னிடம் நீட்டிவிடுகிறார். வரும் வழியில் டீக்கடையில் நான் வழக்கம்போல அவருக்குச் சர்க்கரை இல்லாமல் சொன்னேன். “எனக்கு… வேணும்” என்றார். கொடுத்தேன், ஒரு நாள் பரவாயில்லை.

இதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. நேற்று முழுக்க நாலைந்து வார்த்தைதான், களைப்பு. பயிற்சிக்கு வரும் பெண்ணிடம் பூனைப் படம் வேண்டாம், அவரோடு சண்டை போடு என்று சொல்லியிருக்கிறேன், பாவம், அந்தப் பிள்ளை விழிக்கிறது. நான்சியைக் கேட்டதாகச் சொல். பனி நேரத்தில் கார் டயரைப் பார்த்துக்கொள், காதை மூடாமல் வெளியே போகாதே. மாதா உங்கள் இருவரையும் தம் முந்தானையில் வைத்துக் காப்பாராக.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பாவிடம் மாத்திரை பற்றிக் கேட்க வேண்டாம். சூசை மேல்தான் தப்பு என்று ஒரே ஒரு வரி சொல். சொல்லிவிட்டு, எவ்வளவு நேரமானாலும் அவர் முடிக்கும்வரை நீ வாயைத் திறக்காதே.

அன்பு அம்மா,
அக்சிலியா வின்சென்ட்