வலது அணி என் உரிமை

1694 மார்ச் 3, கிராட்ஸ்

கவசம் மறுபடியும் மூடவில்லை. பிளாசியுஸ் என் முதுகில் முழங்காலை ஊன்றி வாரை இழுத்துப் பார்த்தான். “எசமான், இரும்பு சுருங்கிப்போச்சு போல” என்றான். நல்ல வேலைக்காரன். குளிர்காலம்தானே, சுருங்கியிருக்கும்.

மதியம் ஸ்டெர்னாவ் விருந்துக்கு வந்தான். சிறுவயதில் என் குதிரைக்கு அங்கவடி பிடித்தவன். இன்று நானும் தளபதி, அவனும் தளபதி. இடுப்பு மட்டும் அவனுக்கு அன்றைய அளவிலேயே நின்றுவிட்டது. பிரெஞ்சில் ஏதோ சொன்னான். என் மனைவி சிரித்தாள், மகன் கஸ்பார் சிரித்தான். ஒன்றும் புரியாததால் நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

“என்ன சொன்னார்னு புரிஞ்சுதா உங்களுக்கு?” என்றாள் பிறகு.

“ஏன் புரியாம?”

“குதிரையேறக் கத்துக்கொடுத்ததே நீங்கதான்னு சொன்னார்.”

மார்ச் 4

பாராட்டியிருக்கிறான். அதுதான் இன்னும் அதிகமாக எரிகிறது.

ஏப்ரல் 11

ஈஸ்டர். பன்றித் தொடை, முட்டை, காரமான குதிரைமுள்ளங்கித் துருவல்.

கஸ்பார் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அப்பா, நான் ஸ்டெர்னாவ் படையில சேரப்போறேன்.”

“நம்ம படைக்கு என்னடா குறைச்சல்? ரைசன்பெர்க் படைன்னு நம்ம பேரையே வச்சிருக்கு!”

“அதான்பா. அங்க போனா நான் கஸ்பார். இங்க இருந்தா உங்க புள்ள.”

உரிமையாளன் பெயரே படைக்குப் பெயர் என்று எந்தப் புண்ணியவான் வழக்கம் வைத்தானோ! இனி என் மகன் ஸ்டெர்னாவ் பெயரைக் கத்திக்கொண்டு சண்டைக்குப் போவான். கண்ணில் நீர் வந்தது. முள்ளங்கிக் காரம் என்றேன்.

ஜூலை 22, டிசா ஆற்றங்கரை முகாம்

வெயில், கொசு. கஸ்பார் என்னோடு சாப்பிட வந்தான். “எங்க தளபதி” என்று தொடங்காமல் ஒரு பேச்சு இல்லை. எங்க தளபதி இப்படித் தூங்குவார், எங்க தளபதி அப்படிச் சாப்பிடுவார். நானும்தான் தூங்குகிறேன். யாராவது சொல்கிறார்களா?

ஆகஸ்ட் 17

துருக்கியர் நெருங்கிவிட்டார்கள். ஆலோசனைக் கூட்டத்தில் வலது அணியை ஸ்டெர்னாவுக்கு ஒதுக்கினார் சேனாதிபதி. எழுந்தேன். வலது அணி மூத்த தளபதிக்குரிய மரியாதை, யாருக்குத் தெரியாது?

“ஐயா, அந்தப் பக்கம் நிலம் ஈரம்” என்றான் ஸ்டெர்னாவ். “என் ஆளுங்க இறங்கி நடந்தும் சண்டை போடுவாங்க. உங்க குதிரைங்க கனம். அதான் நானே கேட்டு வாங்கினேன்.”

“கனம்னு யாரடா சொல்றே?”

கூடாரமே சிரித்தது. சேனாதிபதி நெற்றியைத் தேய்த்தபடி, “வச்சுக்குங்க பிரபு, வலது அணி உங்களுக்கே. ஸ்டெர்னாவ் இடது பக்கம் போகட்டும்” என்றார்.

ஜெயித்துவிட்டேன்!

ஆகஸ்ட் 18

சேறு.

ஆகஸ்ட் 20

எழுதித்தான் ஆகவேண்டும். முந்தாநாள் விடியலில் போய் நின்றோம். குதிரைகள் முழங்கால்வரை இறங்கிவிட்டன. எதிரி அந்தப் பக்கமே வரவில்லை. அவனுக்கு மூளை இருக்கிறது. இடது அணியில் ஒரே புகை, கூச்சல். “எசமான், தவளைங்ககூட நமக்கு இடப்பக்கமா ஒதுங்கிடுச்சு” என்றான் பிளாசியுஸ். “மரியாதை தெரிஞ்சதுங்க.”

நடுப்பகலில் இடது அணியிலிருந்து ஆள் வந்தான்: உடனே உதவிக்கு வரவும். அடித்தோம், இழுத்தோம், கெஞ்சினோம். குதிரைகள் அசையவில்லை.

எங்களுக்காகக் காத்துப் பார்த்துவிட்டு, ஸ்டெர்னாவ் இருக்கிற ஆட்களோடு பாய்ந்து எதிரியை விரட்டியிருக்கிறான். வயிற்றில் குண்டு.

சாயங்காலம் கஸ்பார் வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை, கடவுளே.

“ஆள் அனுப்பினோம்பா.”

“குதிரை எழும்பலடா.”

“தெரியும்.”

என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆகஸ்ட் 23

ஒரு குப்பி மதுவோடு பார்க்கப் போனேன். ஸ்டெர்னாவ் முகம் மெழுகுபோல இருந்தது.

“வலது பக்கம் எப்படி இருந்துச்சு ஐயா?”

“ஈரமா இருந்துச்சு.”

சிரித்தான், உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “சிரிக்க வைக்காதீங்க ஐயா, தையல் பிரியும்.”

கஸ்பார் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கரண்டிக் கஞ்சியையும் ஊதி ஊதி அவனுக்கு ஊட்டினான். எனக்கு எப்போதாவது ஊதிக் கொடுத்திருக்கிறானா என்று யோசித்தேன். சாகக் கிடக்கிறவனைப் பார்த்து — சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா?

ஆகஸ்ட் 25

போய்விட்டான்.

அக்டோபர் 9

வியன்னாவிலிருந்து ஆணை. ஸ்டெர்னாவின் படை எனக்கு. இன்றிலிருந்து அதன் பெயரும் ரைசன்பெர்க். போன வருஷம் இரண்டாவதாக ஒரு படை கேட்டு நான் ஏறி இறங்காத மாளிகை இல்லை. இப்போது தானாக வந்திருக்கிறது.

“வாழ்த்துகள், தளபதி அவர்களே” என்றான் கஸ்பார். அப்பா என்று சொல்லவில்லை.

அக்டோபர் 12

புதிய படையோடு குளிர்கால முகாமுக்கு வந்து சேர்ந்தோம். மழை. கோட்டைக் கதவின் மேலிருந்து காவலன் கேட்டான்: “எந்தப் படை?”

எனக்குப் பின்னாலிருந்து ஒரு கிழட்டு வீரன் பழக்கதோஷத்தில் கத்திவிட்டான்: “ஸ்டெர்னாவ்!”

கத்தியவன் வாயைப் பொத்திக்கொண்டான். கஸ்பார் தன் குதிரையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரைசன்பெர்க் படை வரும்னுதானே எங்களுக்குச் சொன்னாங்க?” என்றான் காவலன்.

“உனக்குக் காது செவிடா?” என்றேன். “ஸ்டெர்னாவ்னு சொன்னாங்கல்ல? திறடா கதவை!”

கதவு திறந்தது. கஸ்பார் குதிரையைத் தட்டி என் பக்கத்தில் வந்தான்.

“அப்பா, கவசத்து வார் அவுந்து தொங்குது.”

சாய்ந்து இழுத்துக் கட்டப் பார்த்தான். வார் கொக்கிக்கு எட்டவில்லை. விடவும் இல்லை — தங்குமிடம் வரைக்கும் வாரைக் கையில் பிடித்தபடியே கூட வந்தான்.