வாடை போகாத குளம்

ஜனவரி 12

கொல்லையில் நாளெல்லாம் குழி தோண்டினேன். முழங்கால் ஆழம் வருவதற்குள் முதுகு கைவிட்டுவிட்டது. எட்டிப் பார்த்த மனைவி, "யாரைப் புதைக்கப் போறீங்க?" என்றாள். என் முதுகைத்தான்.

மகள் விட்டுப்போன நாலு மீன்களும் கூடத்துத் தொட்டியில் திரும்பக்கூட இடமில்லாமல் முட்டிக்கொள்கின்றன. அவற்றுக்குத்தான் இந்தக் குளம். வேலையை விட்டுவிட்டுப் படம் வரையப் போகிறேன் என்றவளை நான் என்னவெல்லாம் பேசினேன்! போய் எட்டு மாதம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

பிப்ரவரி 5

மகள் தன் அம்மாவிடம் போனில் சொன்னாளாம்: "அடுத்த மாசம் வந்து மீனை எடுத்துட்டுப் போயிடறேன்."

அதுவும் போய்விட்டால் அவளுக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது?

பிப்ரவரி 9

குழிக்குப் பூசிய சிமெண்ட் காய்ந்துவிட்டது. மைத்துனன் படகுப் பட்டறைக்காரன். தண்ணீர் கசியாமலிருக்க ஃபைபர் விரிப்பைப் பரப்பி ரெசின் பசை தடவச் சொல்லிக்கொடுத்தான். "ஹார்டனரை அளந்து ஊத்துங்க மாமா. அவசரப்படாதீங்க."

சீக்கிரம் இறுகட்டுமே என்று இரண்டு பங்கு ஊற்றினேன். பிரஷைத் தேடி எடுப்பதற்குள் வாளி புகைகிறது! பத்தே நிமிடத்தில் வாளி, ரெசின், கலக்கிய குச்சி எல்லாம் ஒரே கல். அரைக்கைச் சட்டை வேறு. ஃபைபர் இழை ஏறி இரண்டு கையும் அரிக்கிறது. சொறிந்துகொண்டே எழுதுகிறேன்.

மைத்துனனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. மனைவிக்கு அந்த வெட்கம் இல்லை.

பிப்ரவரி 16

மைத்துனனே வந்து முடித்தான். உருளையால் காற்றுக் குமிழ்களை நசுக்கும் பொறுப்பு எனக்கு. "ஒரு வாரம் காயணும். அப்புறம் தண்ணி ரொப்பி, கொட்டி, மறுபடி ரொப்பணும். ரெசின் வாடை போறதுக்குள்ள மீனை விட்டா செத்துடும்" என்றான்.

மார்ச் 1

நாளை வருகிறாள். தண்ணீரில் இன்னும் வாடை. குளத்தில் மீன் நீந்துவதைப் பார்த்தால் மனசு மாறாதா? வலையோடு தொட்டியருகே நின்றபோது மனைவியிடம் மாட்டிக்கொண்டேன்.

"ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலையா? செத்த மீனையா அவளுக்குக் காட்டப் போறீங்க?"

வலையை வைத்துவிட்டேன்.

மார்ச் 2

காரில் பெரிய பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தாள். மீனில்லாத குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "நீங்களாப்பா கட்டினீங்க?"

"குளம் உன் மாமா கட்டினது. நான் கட்டினது இது" என்று கல்லான வாளியைக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாயங்காலம் அதை முன்னால் வைத்து வரைந்தாள். அச்சு அசலாக இருந்தது. அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா என்றேன். பென்சில் நின்றது. பிறகு மறுபடி வரைந்தாள்.

மார்ச் 4

இன்று கிளம்ப வேண்டியவள். காலையில் குளத்தருகே குனிந்து முகர்ந்தாள். "வாடையே இல்லையேப்பா. மீன் இங்கேயே இருக்கட்டும். குளத்துல விட்டுட்டுத்தான் கிளம்புவேன்."

நானும் முகர்ந்தேன். வாடை துளிகூட இல்லை.

"லேசா இருக்கும்மா. இன்னும் ரெண்டு தடவை தண்ணி மாத்தணும்."

மனைவி வந்து ஒரு கை அள்ளி முகர்ந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ரெண்டு பத்தாது. நாலு."

மகள் காரிலிருந்து பையை உள்ளே எடுத்து வந்தாள். நான் புது வாளியில் நல்ல தண்ணீரை எல்லாம் இறைத்துக் கொட்டினேன். முதுகு வலிக்கிறது.