மஞ்சள் பூத்த ஹெட்லைட்

செவ்வாய்க்கிழமை, இரவு.

நாளை விடியுமுன் மீனாவுக்கு இரண்டாம் முறை மருந்து ஏற்ற மதுரை போகவேண்டும். கார் ஹெட்லைட் இரண்டும் மஞ்சள்காமாலை கண்டு மங்கிக் கிடந்தன. சாயங்காலம் பெரிய மெக்கானிக் மாதிரி உப்புத்தாளை நனைத்து ஒன்றை நானே தேய்த்தேன். தேய்த்தது சாம்பல் பூத்துவிட்டது.

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இருந்த வெளிச்சமும் போச்சா?" என்றார். இந்நேரம் செய்தி ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியிருக்கும்.

முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மீனா வந்தாள்.

"ஏங்க, நல்லாத்தான இருந்துச்சு? கெடுத்துட்டீகளே!"

"மொதல்ல மோசமாகும்டி. பொறவுதான் தெளியும்."

"டாக்டரும் அதத்தான் சொன்னாரு."

தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவள் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். மெல்ல மெல்லத் தெளிந்தது. குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"இருட்டுமுன்ன அடுத்ததையும் தேயுங்க" என்றாள்.