பாறையிடுக்குப் பெட்டி

ஏற்காடு,
6.10.2024

அன்புள்ள மேரி,

பெங்களூர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? பாறையில் விழுந்ததில் காலோடு போனும் உடைந்துபோனதால் கடிதம் எழுதுகிறேன். நம் நண்பன் யுவராஜ் தபாலில் போடுவான். தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்து என்னைப் பிடித்து நடக்கவைப்பதும் அவன்தான். "இன்னும் ரெண்டு எட்டு வைங்க மகாராணி" என்று கிண்டல் வேறு.

நீ லீவை நீட்டித்து இங்கேயே தங்கி, தலைவாரி, கால் துடைத்துவிட்டாய். கூடப்பிறந்தவள்கூடச் செய்யமாட்டாள். தலையிலும் அடிபட்டதால் விழுந்தது எனக்கு நினைவே இல்லை. "ஏறாதே" என்று நீ கத்தியும் கேட்காமல் ஏறினேனாமே! அம்மா விடுவதாயில்லை. "ஏங்கண்ணு, போனைப் பார்த்துக்கிட்டு டப்பா தேடறதெல்லாம் ஒரு வெளையாட்டா? மேரி பேச்சைக் கேட்டிருந்தா ஊட்டுல இப்படிக் கெடப்பியா?" உன்னைப் பயமுறுத்தியதற்கு மன்னித்துவிடு.

ஆப் காட்டும் இடத்தில் யாரோ ஒளித்துவைத்த பெட்டியைத் தேடுவதுதானே நம் விளையாட்டு. பாறையிடுக்கில் அந்தப் பெட்டியை ஒளித்துவைத்தது யாரோ. ஆப்பில் 'மிளகுக்கொடி' என்று புனைபெயர். கையில் கிடைக்கட்டும், இருக்கு!

என்னைத் தூக்கி ஜீப்பில் ஏற்றிய மஞ்சக்குட்டை கிராமத்து ஆராயி அக்காவை வீட்டுக்கு வரச்சொல்லியிருக்கிறேன்.

உன்
ஹேமா


பெங்களூர்,
12.10.2024

என் ஹேமா,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்தே படித்து அழுதேன். போகட்டும் விடுடி, மன்னித்தாச்சு.

ஆராயி அக்காவை ஏன் அலையவிடுகிறாய்? நான் அன்றைக்கே நன்றி சொல்லிவிட்டேன். பெட்டியையும் மறந்துவிடு. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். அம்மாவின் காப்பித்தூள் எனக்கு எடுத்துவைக்கச் சொல்.

மேரி


ஏற்காடு,
20.10.2024

மேரி,

ஆராயி அக்கா நேற்று ஒரு பை பட்டர் ஃப்ரூட்டோடு வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உன்ற கண்ணாடி போட்ட கூட்டாளி முன்னாலயே தனியா வந்துதான் அந்தப் பொட்டிய வெச்சுது சாமி. மழைக்குக் கல்லு நொம்ப ஆடுது, எடுத்துப்போடு கண்ணுன்னேன். எடுத்துடறேன்னுச்சு. அப்புறம் பார்த்தா அதே கீழ நின்னுக்கிட்டு உன்னைய ஏறு ஏறுங்குது. ஏறாதேன்னு நாங் கத்திக்கிட்டு ஓடியாறதுக்குள்ள நீ உழுந்துட்ட."

மிளகுக்கொடி நீதானா? நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். நீ என்னை மன்னிக்கவும் செய்தாய். கால் வலியைப் பொறுத்துக்கொண்டேன், இதைப் பொறுக்க முடியவில்லை.

அக்கா சொல்வது தப்பு என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

ஹேமா


பெங்களூர்,
26.10.2024

ஹேமா,

நான்தான். உன் பிறந்தநாளுக்காக வைத்தது. நீயே கண்டுபிடித்துக் குதிப்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன். கல் உன் ஒரு மிதியைத் தாங்கிவிடும் என்று நினைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அம்மா முகத்தைப் பார்த்ததும் வாயில் பொய் வந்துவிட்டது. நீயும் நம்பினாய். அதன்பிறகு எப்படிச் சொல்வது?

உனக்குச் செய்ததெல்லாம் பாசத்தில் செய்ததுதான். திட்டு, அடி, என்ன வேண்டுமானாலும் செய். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதேடி.

மேரி


ஏற்காடு,
3.11.2024

செல்வமேரிக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உனக்கு வரவேண்டிய திட்டை நான் வாங்கியது போதும். அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனார். உனக்கென்று எடுத்துவைத்திருந்த காப்பித்தூளை யுவராஜிடம் கொடுத்துவிட்டார்.

அந்த இடத்தில் இன்னொருத்தி விழக்கூடாது. யுவராஜ் மேல்பக்கமாகச் சுற்றிப்போய்ப் பெட்டியை எடுத்துவந்தான். திறந்து பார்த்தேன். கொலுசு. நான் கடையில் பார்த்து ஆசைப்பட்ட அதே கொலுசு. அழுதேன்.

நம் விளையாட்டில் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். உனக்கு வைக்க இனி என்னிடம் எதுவும் இல்லை. அதனால் எடுக்கவில்லை. பெட்டியை மூடி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

ஹேமலதா