இரண்டு கடிகாரங்கள்

சிட்னி, 11 மே 1973, வெள்ளி

மலேசியாவும் சிங்கப்பூரும் பிரிந்து எட்டு வருஷம் ஆகப்போகிறது. பொதுவாக இருந்த பங்குச் சந்தையை இப்போதுதான் பிரிக்கிறார்கள். எங்கள் தரகர் அலுவலகத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம்தான் தொங்கியது.

"எங்க ஊருக்குத் தனியா ஒண்ணு வேணும்ண்ணே" என்றான் சிங்கப்பூர்க்காரன் செல்வம். ரப்பர் பங்கு ஆர்டரெல்லாம் இனி அவன் மேசைக்கா, கோலாலம்பூர்க்காரனான என் மேசைக்கா என்று இன்னும் முடிவாகவில்லை. மேனேஜர் சிரித்துக்கொண்டே இன்னொரு கடிகாரம் வாங்கி மாட்டினார். இரண்டும் ஒரே நேரத்தைத்தான் காட்டின.

மாலையில் எல்லோரும் போனபின் நாற்காலியில் ஏறினேன். எங்கள் சந்தை முதலில் திறக்கட்டும் என்று என் கடிகாரத்தை இரண்டு நிமிடம் முன்னால் தள்ளினேன். பக்கத்தில் பார்த்தால், செல்வத்தின் கடிகாரம் ஏற்கெனவே மூன்று நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

என்னுடையதை ஐந்தாக்கிவிட்டு இறங்கினேன். திங்கட்கிழமை அவனுக்கு முன்னால் போய்விட வேண்டும்.