தொண்ணூற்றேழு புள்ளி நான்கு

இன்று காலை கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி அறையை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். பழைய ரெஜிஸ்டர், உடைந்த ஹெல்மெட், காய்ந்துபோன சானிடைசர் கேன் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தது. அந்தக் குப்பைக்குள் வெள்ளை நிறத் துப்பாக்கி ஒன்று. நெற்றிக்கு நேரே பிடித்து ஜுரம் பார்ப்பார்களே, அதுதான். புதிதாக வந்திருக்கும் செக்யூரிட்டி, நம் வயதுக்காரர், அதை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி, “இன்னா சார், டெம்பரேச்சர் பாத்துடலாமா?” என்றார். பேட்டரி இல்லாத துப்பாக்கி. நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டென்று கர்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். நாலு வருஷம் ஆகியும் கை தானாகப் போகிறது. அவர் சிரித்தார். நான் அவரைக் கண்டபடி திட்டிவிட்டேன். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

உன்னிடம் நான் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் வேறு எதையாவது பேசி நழுவப் பார்ப்பேன். என் குணம் உனக்குத் தெரியும்.

தொண்ணூற்று ஒன்றில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கப் போனபோதே தெரிந்துகொண்டாய். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்றுக்கு இரண்டு பேர் என்று நம்மைச் சேர்த்து நிறுத்தினார்கள். நீ அரம் போடுவாய், நான் அளவு பார்ப்பேன். இரும்பு கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்திருந்தாலும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சோம்பல்பட்டு, “கரெக்டா கீது, குடுத்துடு” என்று சொல்லிவிடுவேன். இன்ஸ்ட்ரக்டர் அளந்து பார்த்துவிட்டு உன்னைத்தான் வறுத்தெடுப்பார். அவர் நகர்ந்ததும் நீ என்னைப் பார்த்து, “நீ சொன்னியேன்னு நம்பிக்கினு குடுத்தேன் பாரு” என்பாய். அவ்வளவுதான் உன் கோபம். மறுநாள் மறுபடியும் என்னையே அளவு பார்க்கச் சொல்வாய்.

அப்போது ஒரகடத்தில் இறங்கினால் டீ குடிக்கக் கடை தேட வேண்டும். பிறகு கம்பெனிகள் வந்தன. கார் ஸீட் செய்கிற நம் கம்பெனியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. சேரப்பணஞ்சேரியில் அடுத்தடுத்த தெருவில் மனை வாங்கி, கடனில் வீடு கட்டி, ஒரே ஷிப்டு பஸ்ஸில் ஒரே ஸீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் போய் வந்தோம். ஜன்னல் ஓரம் உனக்கு. காற்று முகத்தில் அடித்தால் எனக்குத் தலைவலி வரும் என்று நான் சொன்ன பொய்யை நம்பி, பாவப்பட்டு அந்த இடத்தை எடுத்துக்கொண்டாய். உண்மையில் வெயில் என் பக்கம் வரக்கூடாது என்பதுதான் காரணம்.

கொரோனா வந்த முதல் வருஷம் உன் தெருவை இரண்டு பக்கமும் தகரம் வைத்து அடைத்தார்கள். அடுத்த வாரம் என் தெருவை. நாற்பத்தேழு வயதில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. சும்மா இருந்தால் உடம்பில் இருக்கிற கோளாறெல்லாம் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கிறது. எனக்கு பி.பி., உனக்கு சுகர். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார் உன்னை. எங்கே நடப்பது? மொட்டை மாடியில் செக்கு மாடாகச் சுற்றினாய். உன் மாடியிலிருந்து என் மாடி தெரியும். நானும் ஏறி நின்று, போனைக் காதில் வைத்துக்கொண்டு எதிர்ச்சுற்று சுற்றுவேன். பேச்செல்லாம் பாதிச் சம்பளம், வீட்டுக் கடன், உன் பையன் காலேஜ் பீஸ், என் பெண் காலேஜ் பீஸ். தவணையை மூன்று மாதம் தள்ளிக் கட்டலாம் என்று பேங்க்காரன் சொன்னபோது பாயசம் வைத்துக் கொண்டாடினோம். பிறகுதான் அதற்கும் வட்டி உண்டு என்று தெரிந்தது. உனக்கு சுகர் என்பதால் பாயசம் குடிக்காத வகையில் நீ லாபம்.

அந்தச் சிறையில்தான் உனக்கு ரோஜாப் பைத்தியம் பிடித்தது. ஸ்ரீபெரும்புதூர் கோயில் வாசல் பூக்கடையிலிருந்து ஒரு பன்னீர் ரோஜாக் கிளையை எப்படியோ வாங்கி வந்து, வெட்டி வெட்டி பெயின்ட் பக்கெட்டில் நட்டாய். எல்லாம் காய்ந்தது. மறுபடி நட்டாய். மறுபடி காய்ந்தது. என் மாடியிலிருந்து பார்த்தால் வரிசையாகக் குச்சிகள்தான் தெரியும். “குச்சித் தோட்டம் எப்டி கீது?” என்று தினம் ஓட்டுவேன். நீ அசரவில்லை. முட்டை ஓடு, டீத்தூள், வெங்காயத் தோல் என்று யூடியூபில் எவன் எதைச் சொன்னாலும் அதைக் கொண்டுபோய்க் கொட்டினாய். உன் மனைவி வசந்தா என்னிடம் போனில் புலம்புவாள்: “அண்ணா, இந்தாளு எனுக்கு ஒரு டீ போட்டுக் குட்த்ததில்ல. செடிக்கு மட்டும் டீயி!”

அடுத்த வருஷம் இரண்டாவது அலை வந்தபோது கம்பெனியை மூடவில்லை. பஸ் ஓடியது. ஸீட்டுக்கு ஒருவர்தான் உட்கார வேண்டும் என்று பக்கத்து இடத்தில் பெருக்கல் குறி போட்டு டேப் ஒட்டியிருந்தார்கள். வழியில் சூப்பர்வைசர் இறங்கும் வரை நீ ஒரு ஸீட், நான் ஒரு ஸீட். அவர் இறங்கியதும் நான் எழுந்து வந்து அந்தப் பெருக்கல் குறி மேல் உட்கார்ந்துவிடுவேன். காலையில் அவர் இல்லாத பஸ் என்பதால் ஏறும்போதே அப்படித்தான். இருபது வருஷப் பழக்கம், டேப் ஒட்டினால் போய்விடுமா?

கேட்டில்தான் சிக்கல். துப்பாக்கியில் தொண்ணூற்றொன்பதைத் தாண்டினால் அப்படியே திருப்பி அனுப்புவார்கள். பதினாலு நாள் வீட்டில் கிடக்க வேண்டும், சம்பளம் கிடையாது. அந்தத் துப்பாக்கியைக் கண்டு நடுங்கியதைப் போல நோயைக் கண்டு யாரும் நடுங்கவில்லை. அதற்குத் தந்திரமும் கண்டுபிடித்து வைத்திருந்தோம். கிளம்பும் முன் ஒரு பாராசிட்டமால். இறங்குவதற்கு முன் ஈரக் கர்சீப்பால் நெற்றியில் ஒரு ஒத்தடம். லைனில் பாதிப் பேருக்கு இது தெரியும். யாரும் வெளியே சொன்னதில்லை.

முதலில் எனக்குத்தான் வந்தது.

ஒரு திங்கட்கிழமை உடம்பெல்லாம் வலி. செவ்வாய்க்கிழமை மாத்திரை போட்டு, கர்சீப் ஒற்றிக்கொண்டு கேட்டில் நின்றேன். “தொண்ணூத்தேழு புள்ளி நாலு. நார்மல், போ” என்றார் அப்போதிருந்த செக்யூரிட்டி. எனக்குச் சிரிப்புகூட வந்தது. புதன்கிழமையும் அப்படியே. அன்று வீட்டுக்குத் திரும்பினால் என் மனைவி அடுப்படியில் நிற்கிறாள். வாணலியில் கருவாடு. எட்டிப் பார்த்துத்தான் அது கருவாடு என்று எனக்குத் தெரிந்தது. கருவாடு வறுபடுவதை மூக்கால் அறிய முடியாதவன் நம் ஊரில் உண்டா? விக்ஸ் டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்து இழுத்தேன். ஒன்றுமில்லை. டிவியில் நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன வந்திருக்கிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும்.

வீட்டிலும் சொல்லவில்லை. பதினாலு நாள் சம்பளம் போனால் அந்த மாதத் தவணை நிற்கும், பெண்ணின் பீஸ் நிற்கும். இந்தக் கணக்குப் போட்டபோது உன் நினைப்பு எனக்கு வரவே இல்லை. வந்திருந்தால் மறுநாள் பஸ்ஸில் வேறு ஸீட்டிலாவது உட்கார்ந்திருப்பேன்.

மறுநாள் வியாழக்கிழமை. நீ பஸ்ஸில் எனக்காகக் காத்திருந்தாய். உட்காரக்கூட விடவில்லை. மடியில் டிபன் பாக்ஸ். மூடியைத் திறந்தால் ஈரத்துணிக்கு மேல் ஒரு பன்னீர் ரோஜா. ஒரு வருஷத்துக் குச்சிகளில் ஒன்று பூத்துவிட்டது. “வூட்ல சாமிக்கி வெக்கணும்னு கேட்டா. மொதல்ல அவன் மோந்து பாக்கட்டும்னு எட்த்தாந்துட்டேன். குச்சித் தோட்டம்னு சொன்ன இல்ல? இப்ப மோந்து பாரு” என்றாய்.

மாஸ்க்கை இறக்கி, பூவை மூக்குக்கு அருகில் வைத்து நன்றாக இழுத்தேன். தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது.

“சூப்பரா கீதுடா” என்றேன். நீ டிரைவர் வரைக்கும் போய் அந்தப் பூவைக் காட்டிவிட்டு வந்தாய்.

அடுத்த புதன்கிழமை உன் முகம் சரியில்லை. “ஒடம்பு கதகதன்னு கீது. திரும்பிப் பூடலாமான்னு பாக்கறேன். ஆனா பதினாலு நாளு…” என்று இழுத்தாய். நான் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தேன். “போன வாரம் எனக்கும் வந்துச்சு. சாதா ஜுரம்தான். மூணே நாள்ல ஓடிப்பூடுச்சு. இத்த போட்டுக்கோ” என்றேன். நீ உடனே வாங்கவில்லை. உனக்கு சுகர், பயம் இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, “உனுக்கு வாசனலாம் தெரிஞ்சிச்சா?” என்று கேட்டாய். அதையும் நீ டிவியில் பார்த்திருக்கிறாய்.

அங்கே எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. நான் என்ன சொன்னேன்? “அன்னிக்கி உன் ரோஜாவ மோந்து பாத்துட்டு இன்னாடா சொன்னேன்?”

உன் முகம் தெளிந்தது. “ஆமால்ல” என்றாய்.

அன்றிலிருந்து ஐந்து நாள் துப்பாக்கிக்கு முன்னால் நார்மலாக நின்றாய். ஆறாவது நாள் பஸ் படியில் ஏறவே மூச்சு வாங்கியது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. பெட் கிடைக்க வசந்தா பட்ட பாட்டை நான் இங்கே எழுதப்போவதில்லை, அவள்தான் அதைச் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் நீ போன் செய்தாய். ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவை நிறுத்தினாய். “பஸ்ல யாரு பக்கத்துல ஒக்காந்தன்னு கேட்டு எழுதிக்கினாங்க. தனியாத்தான்னு சொல்லிட்டேன். உம்பேரு இல்ல. நீ வேலைக்கிப் போ” என்றாய். எனக்குச் சம்பளம் போகக் கூடாது என்று அந்த நிலைமையிலும் நினைத்திருக்கிறாய். நானும் வேலைக்குப் போனேன். அடுத்த வாரம் நீ இல்லை.

உன் முகத்தைக்கூடக் காட்டவில்லை. உன் தெருவை மறுபடியும் தகரத்தால் அடைத்துவிட்டார்கள். என் மாடியில் நின்று பார்த்தேன். வசந்தா உன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் சட்டென்று கீழே இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு நான் மாடிக்குப் போவதே இல்லை. துணி காயப்போடக்கூட ஏற மாட்டேன் என்று வீட்டில் சண்டை.

தெருவைத் திறந்த பிறகு போய்ப் பார்த்தபோது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: “கூடவேதான போய் வந்தீங்கண்ணா, உங்களுக்கு ஒண்ணுமே தெரிலியா?” “தெரிலம்மா” என்றேன். அந்தப் பொய் போட்ட தாழ்ப்பாளை நாலு வருஷம் என்னால் திறக்க முடியவில்லை. அதன் பிறகு உன் பையனுக்கு வேலை தேடிக் கொடுத்தேன், ரேஷன் கார்டில் பெயர் மாற்ற அவளோடு அலைந்தேன். அவள் எல்லோரிடமும், “கூடப் பொறந்தவங்ககூட இப்டி பாத்துக்க மாட்டாங்க” என்று சொல்வாள். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் செருப்பைத் தேடுவேன். போகாமலும் இருக்க முடியாது. போனாலும் உட்கார முடியாது. மூன்றே மாதத்தில் எனக்கு எல்லா வாசனையும் திரும்பி வந்துவிட்டது. டீசல், ரசம், கருவாடு எல்லாம். அதற்காக என் மீதே எனக்குக் கோபம்.

நான் உட்காராமல் இருந்தால் நீ தப்பித்திருப்பாயா, அது எனக்குத் தெரியாது. பஸ்ஸில் வேறு யாரிடமிருந்தும் உனக்கு வந்திருக்கலாம். ஆனால் அந்த ஐந்து நாள் என்னால் போனது. அதில் சந்தேகமே இல்லை.

இன்று ஷிப்டு முடிந்ததும் நேராக உன் வீட்டுக்குப் போனேன். வசந்தா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, கர்சீப், கருவாடு, ரோஜா, நீ கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். அவள் கை அவரைக்காயில் நின்றுவிட்டது.

“வாசன தெரிலன்னு அப்பவே தெரியுமா?” என்றாள்.

“தெரியும்மா.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பிறகு எழுந்து, மடியிலிருந்த நாரைத் தட்டிவிட்டு, என்னிடம் முதன்முறையாக “நீ” என்று பேசினாள்.

“என்னாண்ட வந்து இன்னாத்துக்குச் சொல்ற? நானா உன்ன கேட்டேன்? கேட்டது அவரு. அவராண்ட சொல்லு.”

கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை, எப்போதும் போலத்தான் சாத்தினாள். இனி அந்தக் கதவு எனக்குத் திறக்குமா என்று தெரியவில்லை. திறக்க வேண்டும் என்று கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை. அவள் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இனி நான் எங்கே போனாலும் அது என்னோடுதான் வரும்.

சொல்கிறேன். எனக்கு வாசனை தெரியவில்லைடா. நீ கேட்பதற்கு ஒரு வாரம் முன்பே தெரியவில்லை. அன்று பஸ்ஸில் நான் சொன்ன பொய்யை நம்பிச் சிரித்துவிட்டு, இரண்டு மாத்திரையைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய்.