மத்தியானம் ஓடிய மோட்டர்

ஞாயிறு இரவு, புத்தாண்டு விடுமுறை

கோபம் இன்னும் அடங்கவில்லை. விடுமுறையில் கடைகளும் தொழிற்சாலைகளும் மூடிக் கிடப்பதால் மின்சாரம் மிஞ்சுகிறது, லைன் தாங்காது, கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்துங்கள் என்று காலையில் மின்சார சபையிடமிருந்து மெசேஜ் வந்தது. நான் நிறுத்தவில்லை. எங்கள் ஃபிளாட்டின் தண்ணீர் மோட்டரை மத்தியானமே போட்டேன். எல்லா வீட்டையும் உடுப்புத் தோய்க்கச் சொன்னேன். வெள்ளவத்தை வெயில் முழுவதும் எங்கள் தண்ணீர்த் தாங்கிக்குள் ஏறியது.

ஃபிளாட் கமிட்டித் தலைவர் நடராஜா அங்கிள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“பிள்ளை, நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்ட வேணும்.”

“மிஞ்சிறதைத்தான் லைனுக்கு விடவேண்டாம் எண்டு கேக்கினம், அங்கிள். மிச்சமில்லாம நாங்களே பாவிச்சா என்ன?”

“மோட்டர் எப்பவும் இரவு ஏழு மணிக்குத்தான்.”

“அப்பதானே ஊர் முழுக்க கரண்ட் இழுக்குது. அந்த நேரம் நாங்களும் இழுக்க வேணுமோ?”

நாளைக்குக் கூட்டம் வைத்து என்னைக் கமிட்டியிலிருந்து தூக்குவாராம். போன முறை லைன் தாங்காமல் நாடே இருண்டது; இன்றும் அப்படி இருண்டிருந்தால் பழியை என் தலையில்தான் போட்டிருப்பார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் இருளவில்லை.

ஏழு மணிக்கு மோட்டர் போடப் போனவர், மோட்டர் அறையை நான் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு என் கதவைத் தட்டினார். தாங்கி நிரம்பியிருக்கிறது என்றேன். பூட்டுத் திறப்பைக் கொடுக்கவில்லை. அது என் தலையணைக்குக் கீழே இருக்கிறது.

கூட்டம் வைக்கட்டும். அதற்கு முன் அவர் குளிக்கப்போவதும் நான் ஏற்றிய தண்ணீரில்தான்.